செல்ஃப் மோட்டாரைப் பழுது பார்த்த பிறகும் கார் கிளம்பவில்லை என்றால்

செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பழுது பார்த்து மாட்டிய பிறகும் கார் கிளம்ப மறுத்தால், பழுதைச் சரியாகப் பார்க்கவில்லை என்ற முடிவுக்கே பலரும் உடனே வருகிறார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் மோட்டாரை வெளியே எடுப்பதற்காகக் கழற்றிய பேட்டரி டெர்மினல், எர்த் ஒயர், மெல்லிய சிக்னல் ஒயர், வழியை மறித்த காற்றுக் குழாய், சென்சார் இணைப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சரியாகத் திரும்ப மாட்டப்படாமலும் இருக்கலாம். ஆகவே மோட்டாரை மறுபடி இறக்குவது கடைசி வேலையாக இருக்கட்டும். ஒரு மல்டிமீட்டரும் சாவியைத் திருப்ப ஓர் ஆளும் இருந்தால், பெரும்பாலான காரணங்களை அதைத் தொடாமலேயே கண்டுபிடித்துவிடலாம்.

சோதனையைத் தொடங்குமுன் கியர் நியூட்ரலில் இருப்பதையும் ஹேண்ட் பிரேக் போடப்பட்டிருப்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். பேட்டரியிலிருந்து செல்ஃபுக்கு வரும் தடித்த கேபிளில் எப்போதும் மின்சாரம் இருக்கும். பெரும்பாலான கார்களில் அதற்கு ஃபியூஸும் கிடையாது. அந்தக் கேபிளின் நட்டில் ஸ்பேனர் வைக்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிடுங்கள். ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காமல், ஒவ்வொரு முறைக்கும் நடுவே ஓரிரு நிமிடம் மோட்டார் ஆற இடம் கொடுங்கள்.

முதலில் பேட்டரி. கார் வேலைக்காக நின்றிருந்த நாட்களிலும், திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்ததிலும் அது இறங்கியிருக்கலாம். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும், 12.0 வோல்ட்டுக்கு வந்துவிட்டால் சார்ஜ் ஏற்றாமல் மேற்கொண்டு எதைச் சோதித்தும் பயனில்லை. செல்ஃப் அடிக்கும்போது அளவு 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால், பேட்டரி பலவீனமாக இருக்க வேண்டும், அல்லது மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரத்தை இழுக்க வேண்டும்.

அடுத்து, சாவியைத் திருப்பும்போது எழும் சத்தத்தைக் கவனியுங்கள். அதுவே பாதி விடையைச் சொல்லிவிடும்.

‘டக் டக் டக்’ என்று அடுத்தடுத்து அடித்தால், சொலினாய்டுக்கு (சாவியைத் திருப்பியதும் உள்ளிழுத்து மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் காந்தச் சுவிட்ச்) போதிய மின்னழுத்தம் தொடர்ந்து கிடைக்கவில்லை என்று பொருள். சொலினாய்டு உள்ளிழுத்து மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிட்டவுடன் மின்னழுத்தம் சரிகிறது. பிடித்து வைக்கும் சுருளால் தாக்குப்பிடிக்க முடியாமல் அது விடுபடுகிறது. மின்னழுத்தம் மீண்டதும் மறுபடி இழுக்கிறது. பேட்டரி நன்றாக இருந்தும் இப்படி அடிக்கிறதென்றால், குறை பெரும்பாலும் கேபிள் இணைப்புகளில்தான் இருக்கும்.

இந்த இணைப்புகளைக் கண்ணால் பார்த்து நல்லவை என்று சொல்லிவிட முடியாது. மல்டிமீட்டரில் ஓம் வைத்து அளப்பதும் ஏமாற்றிவிடும். 150 ஆம்பியர் பாயும்போது வெறும் 0.01 ஓம் தடையே 1.5 வோல்ட்டை விழுங்கிவிடும். அவ்வளவு சிறிய தடையைச் சாதாரண மீட்டரால் காட்ட முடியாது. எனவே மின்சாரம் பாயும் நேரத்திலேயே அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் முளையின் மீதும் (மேலே மாட்டிய கிளாம்பின் மீது அல்ல), மறுமுனையைச் சொலினாய்டில் தடித்த கேபிள் வந்து சேரும் போல்ட்டின் மீதும் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அளவு 0.5 வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பாதையில் எங்கோ துரு, தளர்ச்சி அல்லது உள்ளே அறுந்த கேபிள் இருக்கிறது. பிறகு நெகட்டிவ் முளைக்கும் மோட்டாரின் உடலுக்கும் நடுவே இதே முறையில் அளந்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது.

பழுது பார்த்த வண்டிகளில் இந்த இரண்டாவது அளவையே நான் கூடுதலாகச் சந்தேகிப்பேன். மோட்டாருக்கு வந்த மின்சாரம் அதன் உடல் வழியாக எஞ்சினுக்கும், அங்கிருந்து எர்த் பட்டை வழியாகப் பேட்டரிக்கும் திரும்ப வேண்டும். பழுது பார்த்தபின் அழகுக்காக மோட்டாரின் அமரும் பகுதியில் அடித்த பெயின்ட்டே அந்த வழியை அடைத்துவிடலாம். எர்த் பட்டையை மாட்ட மறந்திருந்தால், மின்சாரம் கியர் கேபிள் போன்ற மெல்லிய உலோகங்கள் வழியாகத் திரும்ப முயன்று அவற்றைச் சூடாக்கும். ஜம்பர் கேபிள் ஒன்றைப் பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக எஞ்சின் உடலில் இணைத்ததும் செல்ஃப் நன்றாகச் சுற்றினால், குறை எர்த்தில்தான்.

சத்தமே இல்லையென்றால், சொலினாய்டின் சிறிய டெர்மினலில் சாவியைத் திருப்பியபடி அளந்து பாருங்கள். அங்கே 10 வோல்ட்டுக்கு மேல் வந்தும் அது அசையவில்லையென்றால், எர்த் சரியாக இருக்கும் பட்சத்தில் சொலினாய்டே பழுது. ஒன்றும் வராவிட்டால் அந்த ஒயரின் முனை கழன்றிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, ஃபியூஸ், ரிலே, கிளட்ச் சுவிட்ச் அல்லது நியூட்ரல் சுவிட்ச், சாவி சுவிட்ச் என்று பின்னோக்கிச் செல்லுங்கள். சில கார்களில் இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்பு அமைப்பு, சாவியை அடையாளம் காணாவிட்டால் செல்ஃபையே தடுத்துவிடும்.

ஒரே ஒரு ‘டக்’ கேட்டு நின்றுவிட்டால், சொலினாய்டிலிருந்து மோட்டாருக்குள் செல்லும் போல்ட்டில் அளக்க வேண்டும். அங்கே மின்னழுத்தம் வராவிட்டால் சொலினாய்டின் உள் தொடுமுனைகள் கருகியிருக்கின்றன. வந்தும் மோட்டார் அசையாவிட்டால் கார்பன் பிரஷ் அதன் கூட்டில் சிக்கியிருக்கலாம், அல்லது எஞ்சினே இறுகியிருக்கலாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு கிராங்க் புல்லியை ஸ்பேனரால் திருப்பிப் பார்த்தால் எஞ்சின் இறுகியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

பேட்டரியை இணைத்த கணமே, சாவியைத் தொடாமலேயே மோட்டார் வெறுமனே சுற்றத் தொடங்கினால், தடித்த கேபிளைத் தவறான போல்ட்டில் மாட்டியிருக்கிறார்கள்.

மோட்டார் வேகமாகச் சுற்றியும் எஞ்சின் சுற்றாமல் இருப்பது பெண்டிக்ஸ் (மோட்டாரின் சுழற்சியை எஞ்சினுக்குக் கொடுக்கும் சிறு பற்சக்கரத் தொகுதி) வழுக்குவதால் அல்லது அதை முன்னே தள்ளும் கவைநெம்பு உள்ளே தவறாக அமர்ந்ததால் வரும். நிலைக்காந்தம் கொண்ட மோட்டாரில், காந்தக் கூட்டைத் திசை மாற்றிப் பொருத்தியிருந்தால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றி இதே விளைவைத் தரும். ‘கரகர’ என்று பல் உராயும் சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். போல்ட்டுகள் சமமாக இறுகாமலோ, இடையில் இருந்த ஷிம் தகடு விடுபட்டோ இருக்கலாம். செல்ஃப் பிடித்துச் சுற்றும் எஞ்சினின் பெரிய பல்வளையமான ரிங் கியரின் பற்கள் தேய்ந்துவிட்டால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டிவரும்.

கேபிள்கள் எல்லாம் நல்லவையாக இருந்தும் மெதுவாகச் சுற்றினால், மோட்டாரின் தண்டைத் தாங்கப் புதிதாக அடித்த புஷ் இறுக்கமாக இருக்கிறது அல்லது உள்ளே சுழலும் ஆர்மேச்சர் உரசுகிறது என்று எண்ணலாம். சிறிய பெட்ரோல் கார் பொதுவாக 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும். கிளாம்ப் மீட்டரில் அதைவிட மிகக் கூடுதலாகக் கண்டால், மோட்டாரையும் நீங்கள் குறித்து வைத்த அளவுகளையும் பழுது பார்த்தவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பற்றிக்கொள்ளவில்லையென்றால் செல்ஃப் தன் வேலையைச் செய்துவிட்டது. பல கார்களில், எஞ்சினின் சுழற்சியை உணரும் கிராங்க் சென்சார் கியர்பாக்ஸ் கூட்டின் அருகே, செல்ஃபுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், அதன் இணைப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஸ்கேனர் இருந்தால், செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் சுழற்சி எண் பூஜ்யமாகவே நிற்கிறதா என்று கவனியுங்கள்; அப்படி நின்றால் அந்தச் சென்சாரின் இணைப்பை அழுத்தி மாட்டி, அதன் ஒயர் எங்கும் நசுங்காமல் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். எண் சரியாகக் காட்டினால், காற்று அளவு சென்சாரின் இணைப்பையும், கழற்றிய காற்றுக் குழாயின் கிளாம்பையும், எரிபொருள் பம்ப்பின் ஃபியூஸையும் இதே வரிசையில் பாருங்கள்.