போலி டிக்கெட்டுக்குப் பணம் கட்டிவிட்டீர்களா? புகார் கொடுத்து மீட்கும் வழி

பொங்கலுக்குத் தென்காசி போக சித்தப்பா வாங்கிய ரயில் டிக்கெட்டில் பிஎன்ஆர் எண்ணுக்கு ஒன்பது இலக்கங்கள்தான் இருந்தன. அசல் பிஎன்ஆர் என்றால் பத்து இலக்கம். இணையத்தில் தேடியபோது முதலில் வந்த விளம்பரத்தைத் தொட்டுப் போலித் தளத்துக்குள் போய், குடும்பம் முழுவதற்குமான டிக்கெட் பணத்தை யுபிஐ வழியாகக் கட்டியிருந்தார். புகார் வேலையை நான் எடுத்துச் செய்தேன். அந்த வழியை இங்கே எழுதுகிறேன்.

1. உடனே 1930

டிக்கெட் விற்றவனிடம் போனில் சண்டை போடாதீர்கள். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குப் போய்க்கொண்டிருக்கும். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். அவர்கள் பதிவு செய்ததும் சம்பந்தப்பட்ட வங்கிகளுக்குத் தகவல் போகும்; எடுக்கப்படாமல் மிச்சமிருக்கும் பணத்தை அங்கேயே நிறுத்திவைப்பார்கள். எடுத்த பணத்தை நிறுத்த முடியாது. அதனால்தான் முதல் ஒரு மணி நேரம் இவ்வளவு முக்கியம். லைன் கிடைக்காவிட்டால் காத்திருக்காமல் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் நேரடியாகப் பதியுங்கள். கையோடு உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள்.

2. எந்த எண்ணைக் கொடுப்பது?

பலரும் தடுமாறுவது இங்கேதான். யுபிஐ செயலியில் ஒரே பரிவர்த்தனைக்கு இரண்டு எண்கள் தெரியும். ஒன்று அந்தச் செயலி தானே வைத்துக்கொள்ளும் எண். போன்பேயில் அது ஆங்கில ‘T’ எழுத்தில் தொடங்கும், கூகுள் பேயில் எழுத்தும் எண்ணும் கலந்து வரும். அது வங்கிக்கு உதவாது. வங்கிக்குத் தேவை 12 இலக்கங்கள் மட்டும் கொண்ட எண். போன்பேயில் அதை ‘யுடிஆர்’ என்றும், கூகுள் பேயில் ‘யுபிஐ பரிவர்த்தனை எண்’ என்றும் காட்டுவார்கள். பெரும்பாலும் அதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கமாக இருக்கும்: 2025-இல் அனுப்பிய பணம் என்றால் 5. சந்தேகம் தீர வங்கிக் கணக்கு அறிக்கையைத் திறந்து, அதே எண் அங்கேயும் இருக்கிறதா என்று பாருங்கள். செயலியின் ஸ்கிரீன்ஷாட்டை விட வங்கி தரும் பிடிஎஃப் அறிக்கையையே நான் நம்புவேன். கணக்கு எண், தேதி, தொகை எல்லாம் ஒரே தாளில் இருக்கும்.

3. இணையதளத்தில் புகாரை முடிப்பது

1930-இல் சொன்னதோடு வேலை முடிவதில்லை. குறுஞ்செய்தியில் ஒப்புகை எண் வரும். அதை வைத்து 24 மணி நேரத்துக்குள் இணையதளத்தில் புகாரை முழுமையாக்க வேண்டும். செல்போனில் செய்வதை விடக் கணினியில் செய்வது நல்லது.

நடந்ததை விவரிக்கும் பெட்டியில் குறைந்தது 200 எழுத்துகள் வேண்டும். சிறப்புக் குறிகள் கூடாது. மோசடிக்காரனின் யுபிஐ முகவரியை அதில் ஒட்டினால் நடுவிலுள்ள ‘@’ குறியாலேயே படிவம் நகராது. அந்த முகவரியைச் சந்தேக நபர் விவரப் பகுதியில் தனியாகக் கொடுங்கள். போலித் தளத்தின் ஸ்கிரீன்ஷாட்டை மேலே உள்ள முகவரிப் பட்டையோடு எடுத்துவைக்கவும். இந்தத் தளங்கள் சீக்கிரமே காணாமல் போய்விடும்.

4. பணம் திரும்புவது

நிறுத்திவைத்த பணம் தானாக வந்து சேராது. புகார் எந்தக் காவல் நிலையத்துக்குப் போயிருக்கிறது என்று அதே தளத்தில் பார்த்து, அங்கே நேரில் செல்லுங்கள். எவ்வளவு பணம் நிறுத்தப்பட்டிருக்கிறது, அதை விடுவிக்க நீதிமன்ற உத்தரவு தேவையா என்று கேட்டு மனுக் கொடுங்கள்.

மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் வங்கி முழுப் பணத்தையும் தந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ரிசர்வ் வங்கியின் 2017 விதி, உங்கள் அனுமதி இல்லாமல் நடந்த பரிவர்த்தனைகளுக்கானது. நீங்களே யுபிஐ பின் (PIN) எண்ணைப் போட்டு அனுப்பிய பணத்துக்கு அதைக் காட்டி வாதாடுவது கடினம். ஆனாலும் வங்கியிடம் எழுத்து மூலம் புகார் கொடுத்துவிடுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே கட்டணமில்லாமல் முறையிடலாம். வங்கிக்குக் கொடுத்த புகாரின் நகல் அப்போது கேட்கப்படும்.

பின்சேர்க்கை: கார்டில் கட்டியவர்கள் வங்கியிடம் ‘சார்ஜ்பேக்’ (கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்கும் முறை) என்ற சொல்லையே பயன்படுத்திக் கேளுங்கள். பொருளோ சேவையோ கிடைக்கவில்லை என்பது அதற்குப் போதுமான காரணம். இந்த வழி யுபிஐயை விட வலுவானது.

இன்னொன்று: சமூக வலைத்தளத்தில் புகாரைப் பொதுவில் எழுதியவர்களுக்கு ‘வாடிக்கையாளர் சேவை’ என்று சொல்லி அழைப்பு வருகிறது. பணம் திருப்பித் தருவதாக க்யூஆர் குறியீடு அனுப்புவார்கள், பின் எண் கேட்பார்கள், திரையைப் பகிரும் செயலியை ஏற்றச் சொல்வார்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் ஒருபோதும் தேவையில்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டு, அந்த எண்ணையும் தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில், மோசடி அழைப்புகளுக்கான ‘சக்ஷு’ பகுதியில் புகாராகப் பதியுங்கள்.