செல்ஃப் அடிப்பதற்கு முன்

பள்ளத்தூரில் எங்கள் வீட்டுக் கார் கொட்டகையில் அப்பச்சியின் அம்பாசிடர் 11 வருஷம் அசையாமல் நின்றது. 1966 மாடல், மார்க் டூ. அப்பச்சி போன பிறகு அந்தச் சாவியை யாரும் தொடவில்லை. நான் காரைக்குடியில் வேதியியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இருந்தாலும் இதை வீட்டில் வைத்தே சரிசெய்தேன். கனமான வேலைக்கு ஒரு மெக்கானிக் அண்ணனும் அக்கா மகனும் துணைக்கு இருந்தார்கள்.

கொட்டகையைத் திறந்த அன்றே அண்ணன் பேட்டரியோடு வந்துவிட்டார். "ஆச்சி, ஒரு தடவை செல்ஃப் அடிச்சுப் பார்த்துருவோமா?" என்று கேட்டார். வேண்டாம்ணே என்றேன். உங்கள் வீட்டிலும் பழைய கார் நிற்கிறதென்றால் அந்த ஆசையை முதலில் அடக்குங்கள். நாள்பட நின்ற எஞ்சினில் சிலிண்டர் சுவர் காய்ந்திருக்கும், பிஸ்டன் ரிங் துருவோடு ஒட்டியிருக்கலாம். அந்த நிலையில் வேகமாகச் சுற்றினால் ரிங் உடையும், சுவரில் கோடு விழும். எண்ணெய் ஊற்றி முடிய வேண்டிய வேலை, சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் போரிங் செலவில் போய் நிற்கும்.

நாங்கள் நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு கரண்டி எஞ்சின் ஆயிலும் டீசலும் கலந்து விட்டு மூன்று நாள் சும்மா இருந்தோம். அதற்குள் ஏர் கிளீனரைத் திறந்தால் உள்ளே எலிக்கூடு. நான்காம் நாள், பிளக் போடாமலே, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முன்பக்கம் ஹாண்டில் போட்டு மெதுவாகச் சுற்றினோம். ஹாண்டில் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். பிற்பாடு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போது அது திருப்பி உதைத்தால் கட்டைவிரல் முறியும். முதலில் கால் சுற்று அசைந்தது, அப்புறம் முழுச் சுற்று. இறுக்கமாக இருந்தால் பலம் காட்டாதீர்கள். இன்னும் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள்.

எஞ்சின் சுற்றியதும் பெட்ரோலுக்குப் போகாமல் பிரேக்குக்குப் போனோம். ஓடுகிற காரை நிறுத்தத் தெரிய வேண்டும், அதனால் எனக்கு இந்த வரிசைதான் சரி. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள், கம்ப்ரஸர் காற்றும் அடிக்காதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். முகக்கவசம் போட்டு, ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டி எறியுங்கள். வீல் சிலிண்டர் ரப்பர்களும் ஹோஸ்களும் பார்க்க நன்றாக இருந்தாலும் புதிதாகவே போடுங்கள். பிரேக் ஆயில் பெயின்ட்டை உரித்துவிடும், எனவே பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். பிரேக் குழாயில் தங்கிய காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். தூரத்துச் சக்கரத்தில் தொடங்க வேண்டும்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. அக்கா மகன் பெடலை அழுத்திப் பிடிப்பான், நான் சக்கரத்தில் காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூடுவேன், மூடிட்டேன் என்று சொன்ன பிறகுதான் அவன் காலை எடுப்பான். காருக்கு அடியில் போகும்போது ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். ஸ்டாண்ட் வைத்துத்தான் போக வேண்டும்.

துரு என் பாடம். துரு என்பது மின்வேதியியல், அதற்கென்றே ஒரு மத்திய ஆய்வகம் நம் காரைக்குடியில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் வந்தது. 1948-ல் அடிக்கல், 1953-ல் திறப்பு. பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய், இரும்பு ஏன் அரிக்கிறது என்று காட்டியிருக்கிறேன். அதே பாடத்தைக் கொட்டகை வாசலில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் செய்தேன். 20 லிட்டர் தண்ணீரில் ஐந்து பெரிய கரண்டி சலவைச் சோடா. துருப்பிடித்த பாகத்துக்கு 12 வோல்ட் சார்ஜரின் நெகட்டிவ், வேண்டாத இரும்புத் தகட்டுக்குப் பாசிட்டிவ். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. ஒரு ராத்திரி விட்டால் துரு கறுப்புப் பொடியாகத் தளர்ந்துவிடும். பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, வெயிலில் உலர்த்தி, அன்றைக்கே ரெட் ஆக்ஸைடு பிரைமர் அடித்துவிடுங்கள், இல்லையென்றால் மறுநாளே மறுபடி சிவக்கும்.

இதில் எச்சரிக்கை உண்டு. ஹைட்ரஜன் வாயு வரும், எனவே வெட்டவெளியில் செய்யுங்கள், அருகில் நெருப்பு வேண்டாம், கிளிப்பைத் தொடுமுன் சுவிட்சை அணையுங்கள். பாசிட்டிவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடாதீர்கள், நச்சான குரோமியம் தண்ணீரில் கலக்கும். ஸ்பிரிங், டார்ஷன் பார், ஸ்டீயரிங் பாகங்கள், அலுமினியம் எதுவும் இந்தத் தொட்டிக்குள் போகக்கூடாது. நான் ஒரு குரோம் கதவுக் கைப்பிடியைப் போட்டுப் பூச்சை இழந்தேன். இன்றும் வருத்தம்தான், அப்பச்சி கை பட்ட கைப்பிடி அது.

தரைத் தகடு ஓட்டையாகியிருந்தால் அது டிங்கர் வேலை, பட்டறைக்கு விடுங்கள். சீட்டும் துணியும் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம்.

பெட்ரோல் டேங்கை இறக்கி, பழைய பெட்ரோலை வடித்துக் கழுவினோம். ரப்பர் குழாயும் பெட்ரோல் பம்ப் டயாஃபிரமும் எத்தனால் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பரை அது கெடுத்துவிடும். ரேடியேட்டருக்கு போர் தண்ணீர் வேண்டாம், உப்புப் படியும். எங்கள் வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) ஓட்டிலிருந்து இறங்கும் மழைத்தண்ணீரை அண்டாவில் பிடித்து வைத்திருந்தேன். அதில் கூலன்ட் கலந்து ஊற்றினோம்.

எலி கடித்த வயர்களை மாற்றுமுன் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, டேப்பில் எண் எழுதி ஒட்டினேன். பேட்டரி மாட்டுமுன் எந்த முனை பாடியில் எர்த் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். அந்தக் காலத்து வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் உண்டு. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் இடைவெளி 0.38 மி.மீ., பிளக் 0.64 மி.மீ. ரேடியேட்டர் பக்கம் முதல் சிலிண்டர், பிளக்கில் பொறி வரும் நெருப்பு வரிசை 1-3-4-2. டாப்பெட், அதாவது வால்வு இடைவெளியும் 0.38 மி.மீ.தான், சூட்டில் பார்க்க வேண்டிய அளவு அது. முதலில் உத்தேசமாக வைத்து எஞ்சின் ஓடிய பிறகு மறுபடி பாருங்கள். எந்த வால்வைப் பார்ப்பது என்று குழம்பினால் ஒன்பது கணக்கு: மொத்தம் எட்டு வால்வு, முன்னாலிருந்து எண்ணி 8-ஆவது முழுதாகத் திறந்திருக்கும்போது 1-ஐ, 7 திறந்திருக்கும்போது 2-ஐ, இப்படி இரண்டும் சேர்ந்து 9 வர வேண்டும்.

புது ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமலே, ஆயில் பிரஷர் ஏறும் வரை செல்ஃப் அடித்தோம். அதன் பிறகுதான் பிளக் மாட்டினோம். சோக் இழுத்து அடித்ததும் மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது. அண்ணன் பேசவில்லை, நானும் பேசவில்லை.

கானாடுகாத்தான் வரை மெதுவாக ஓட்டித் திரும்பினோம். அன்று ராத்திரி காருக்கு அடியில் வெள்ளைத்தாள் விரித்து வைத்தேன். நீங்களும் விரியுங்கள்: கறுப்புச் சொட்டு எஞ்சின் ஆயில், பச்சையாகவோ துருநிறமாகவோ இருந்தால் ரேடியேட்டர், வழவழவென்று வெளிறி இருந்தால் பிரேக். விடிந்ததும் பார்த்தேன், பின் இடது சக்கரத்துக்கு நேரே ஒரே ஒரு வெளிறிய சொட்டு. அந்தச் சக்கரத்தை மறுபடி கழற்றினோம்.