பழைய பின்பால் மெஷினை ஓட வைப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

பழைய பின்பால் மெஷின் (சாய்ந்த பலகையில் பந்தை அடித்து ஸ்கோர் எடுக்கும், காசு போட்டு ஆடும் விளையாட்டுப் பெட்டி) கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் பிளக்கைச் சொருகிப் பார்ப்பார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். பல வருஷம் மூலையில் கிடந்த மெஷினில் எலி கடித்த வயர் இருக்கும், ஒட்டிக்கொண்ட ரிலே (கரண்டில் இயங்கும் சுவிட்ச்) இருக்கும். சுவிட்சைப் போட்ட சில நிமிஷத்தில் ஏதாவது ஒரு காயில் (கம்பிச் சுருள்) கருகிப் புகை கிளம்பும்.

இந்தப் பதிவு எலெக்ட்ரோ மெக்கானிக்கல் மெஷின்களுக்கு மட்டும். சிப், சர்க்யூட் போர்டு எதுவும் கிடையாது. ரிலே, காயில், ஒரு மோட்டார், நூற்றுக்கணக்கான சுவிட்ச் தகடுகள், இவ்வளவையும் வைத்தே கணக்குப் போடும். காட்லீப், வில்லியம்ஸ், பாலி என்ற சிகாகோ கம்பெனிகள்தான் இந்தத் தொழிலில் பெரிய கைகள். 1947இல் காட்லீப்பின் 'ஹம்ப்டி டம்ப்டி'யில் ஃபிளிப்பர் (பட்டனை அழுத்தினால் பந்தை அடிக்கும் கை) வந்தது. 1970களின் கடைசியில் போர்டு வைத்த மெஷின்கள் வந்து இந்த வகையை ஓரங்கட்டின. முதன்முதலாகக் கை வைப்பவர்கள் 1960-70களின் காட்லீப்பில், ஒரே ஆள் ஆடும் மாடலாகப் பார்த்து எடுங்கள். நாலு பேர் ஆடும் மாடலில் ஸ்கோர் சக்கரங்கள் நாலு மடங்கு, தலைவலியும் அப்படியே.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இது ஒரு காலத்தில் ஒழுங்காக ஓடிய மெஷின். கோளாறு அநேகமாக மூன்றே வகை: அழுக்கு, இறுகிப்போன கிரீஸ், உங்களுக்கு முன்னால் கை வைத்தவர் வளைத்துவிட்டுப் போன தகடு. அந்த மூன்றாவது கணக்கில் நீங்களும் சேராதீர்கள்.

தேவையான சாமான்கள்

திருப்புளி, மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், தகடு வளைக்கும் சிறு கருவி, காண்டாக்ட் தேய்க்கும் மெல்லிய ஃபிளெக்ஸ்டோன் அரம், ஐசோபுரோபைல் ஆல்கஹால், ஸ்காட்ச் பிரைட், நல்ல டார்ச். நட் எல்லாம் அங்குலக் கணக்கு. 1/4, 5/16, 11/32 அளவு நட் டிரைவர்கள் அவசியம். மில்லிமீட்டர் செட்டைப் போட்டால் முனை மழுங்கிவிடும்.

படி 1: கரண்ட் இல்லாமல் ஒரு சுற்று

காசு போடும் கதவின் சாவி தொலைந்திருந்தால் பூட்டைத் துளை போட்டு எடுத்துவிட்டுப் புதிது மாட்டுங்கள். மேல் கண்ணாடியை உருவியதும் முதல் வேலை பந்தை வெளியே எடுப்பது. பந்தோடு ஆட்டப் பலகையைத் தூக்கினால் அது உருண்டுபோய் எதையாவது உடைக்கும்.

பெட்டியின் அடியில் மடித்து வைத்த பெரிய சர்க்யூட் படம் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் பொக்கிஷம், உடனே நகல் எடுத்துவிடுங்கள். பிறகு பியூஸ்களைப் பாருங்கள். லேபிளில் போட்டிருக்கும் ஆம்பியரைவிடப் பெரியதை யாராவது சொருகியிருப்பார்கள். சில புண்ணியவான்கள் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளையே சுற்றி வைத்திருப்பார்கள். சரியான அளவை மாட்டுங்கள். பழைய இரட்டை முள் வயரைக் கழற்றிவிட்டு எர்த் உள்ள மூன்று முள் வயர் போடுங்கள்.

காயில்களில் மேல் காகிதம் பழுப்பேறியிருந்தால் சந்தேகப்படுங்கள். ஒரே எண் அச்சடித்த இரண்டு காயில்களை மல்டிமீட்டரில் அளந்து ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும். ஒவ்வொரு ரிலேயையும் விரலால் அழுத்தி விடுங்கள். உடனே துள்ளித் திரும்ப வேண்டும்.

படி 2: ஸ்டெப்பர் யூனிட் சுத்தம்

முக்கால்வாசி வேலை இங்கேதான். பேக்கலைட் வட்டு, அதில் வரிசையாகப் பித்தளைப் பொட்டுகள், மேலே ஊர்ந்து போகும் தகட்டு விரல்கள்: இதுதான் ஸ்டெப்பர். எத்தனையாவது பந்து, எத்தனை இலவச ஆட்டம் பாக்கி என்பதையெல்லாம் இதுதான் ஞாபகம் வைத்துக்கொள்ளும். கிரீஸ் கோந்து மாதிரி இறுகி, விரல்கள் நடுவழியில் நின்றுவிடும்.

கழற்றும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். சுருள் ஸ்பிரிங் எத்தனை சுற்று முறுக்கப்பட்டிருந்தது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திருப்பி மாட்டும்போது விழிப்பீர்கள். வட்டை ஆல்கஹாலில் துடைத்து, பொட்டுகள் மின்னும்வரை ஸ்காட்ச் பிரைட்டால் தேயுங்கள். இரும்பு நார் வேண்டாம். அதன் தூள் இடுக்கில் சிக்கி ஷார்ட் ஆக்கும். டபிள்யூடி-40 பக்கமே போகாதீர்கள். காய்ந்தால் பிசுபிசுக்கும், பொறி பறக்கும் இடத்தில் தீயும் பிடிக்கும்.

சரியாகிவிட்டதா என்று கையாலேயே பார்க்கலாம். முன்னேற்றும் பிளஞ்சரை, அதாவது காயில் இழுக்கும் இரும்புத் தண்டைத் தள்ளுங்கள்: ஒரு தள்ளுக்கு ஒரு 'டிக்', ஒரு பொட்டு. கடைசிவரை போனதும் ரீசெட்டை அழுத்துங்கள். சட்டென்று பூஜ்யத்துக்கு வர வேண்டும். சோம்பலாக வந்தால் அச்சில் இன்னும் கிரீஸ் இருக்கிறது, மறுபடி கழற்றுங்கள்.

படி 3: சுவிட்ச் தகடுகள்

விசிட்டிங் கார்டை மெல்லிய பட்டையாக வெட்டி, காண்டாக்டுகளுக்கு நடுவே வைத்து லேசாக அழுத்தி இழுத்தால் கருப்புக் கோடு விழும். கோடு விழுவது நிற்கும்வரை இழுங்கள். பிடிவாதமான கறைக்கு மட்டும் ஃபிளெக்ஸ்டோன். ஃபிளிப்பர், பம்பர் (பந்தை உதைத்துத் தள்ளும் வட்டம்) சுவிட்சுகளில் இருப்பது கடினமான டங்ஸ்டன், அதற்கு இரும்பு அரம்தான் சரி. உப்புத்தாளால் தேய்த்தால் வெள்ளிப் பூச்சு போய்விடும்.

இடைவெளி தப்பு என்று கண்ணால் உறுதியாகப் பார்த்த சுவிட்சை மட்டும் வளையுங்கள், அதுவும் அடிப்பக்கத்தில். 'எதற்கும் இருக்கட்டும்' என்று வளைத்ததை அப்புறம் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

படி 4: கரண்ட்

அமெரிக்க மெஷின் 120 வோல்ட். நம்மூர் 230இல் நேராகச் சொருகினால் டிரான்ஸ்பார்மர் போச்சு. தகுந்த வாட்டில் வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்குங்கள். 60 ஹெர்ட்ஸ் மோட்டார் 50இல் கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும். காட்லீப்பில் காயில்களுக்குப் போவது சுமார் 25-30 வோல்ட்தான். ஆனால் பிளக் வயர், மெயின் சுவிட்ச், டிரான்ஸ்பார்மரின் முதல் பக்கம் எல்லாம் ஆளை அடிக்கும். முதல் தடவை போடும்போது ஒரு கை பிளக்கிலேயே இருக்கட்டும். ஏதாவது காயில் விடாமல் ரீங்கரித்தால், சூடேறினால், உடனே பிடுங்குங்கள்.

படி 5: ஸ்டார்ட் அழுத்தினால் மோட்டார் நிற்காமல் சுற்றுகிறதா?

எல்லோருக்கும் வரும் கோளாறு இது. ஆட்டம் தொடங்கும்போது மோட்டார் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு ஸ்கோர் சக்கரத்தையும் ஒரு எண் ஒரு எண்ணாகத் தள்ளும். சக்கரம் பூஜ்யத்துக்கு வந்ததும் அதிலுள்ள ஒரு சுவிட்ச் திறந்து 'நான் வந்துவிட்டேன்' என்று சொல்லும். எல்லாச் சக்கரமும் சொன்னால்தான் மோட்டார் நிற்கும்.

ஆகவே மோட்டாரை விட்டுவிட்டுச் சக்கரங்களைப் பாருங்கள். ஏதாவது ஒன்று 7லேயே நின்றால், அதன் பிளஞ்சர் ஒட்டியிருக்கிறது அல்லது காயிலுக்குக் கரண்ட் போகவில்லை. ஒன்று பூஜ்யத்தைத் தாண்டி ஓடிக்கொண்டே இருந்தால் அதன் பூஜ்ய சுவிட்ச் திறக்கவில்லை. எல்லாமே பூஜ்யத்தில் நின்றும் மோட்டார் ஓடினால் ரீசெட் ரிலேயைப் பாருங்கள். தலைப்பெட்டியையும் கீழ்ப்பெட்டியையும் இணைக்கும் பெரிய பிளக்குகளைக் கழற்றி, முள்ளைத் துடைத்து மாட்டினாலே தீர்ந்துவிடும் கோளாறுகளும் உண்டு.

படி 6: ஃபிளிப்பருக்குத் தெம்பு

ஃபிளிப்பர் காயிலில் இரண்டு கம்பிச் சுற்று உண்டு: அடிக்க ஒன்று, தூக்கிப் பிடிக்க ஒன்று. அடி முடியும் தருணத்தில் ஒரு சுவிட்ச் திறந்து முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு வேலையை மாற்றும். அந்தச் சுவிட்ச் அழுக்கானால் அடி சப்பென்று இருக்கும். திறக்காமலே போனால் பட்டனைப் பிடித்திருக்கும்போதே காயில் எரியும். உள்ளே இருக்கும் குழலை மாற்றி, முனை நசுங்கிப் பரந்த பிளஞ்சரை அரத்தால் சரிசெய்யுங்கள். குழலுக்குள் எண்ணெய் ஒரு சொட்டும் கூடாது.

படி 7: மேல்வேலை

ரப்பர் வளையம் எல்லாவற்றையும் மாற்றுங்கள். ஆட்டப் பலகையில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மேல்பூச்சு தேய்ந்த இடத்தில் மரம் ஊறிவிடும். துடைத்துவிட்டுக் கார்னௌபா மெழுகு போடுங்கள். தலைப்பெட்டியின் ஓவியக் கண்ணாடியில், பெயிண்ட் இருக்கும் பின்பக்கத்தைத் துடைக்கவே கூடாது, உதிரும். 44ஆம் எண் பல்புகளுக்குப் பதில் 47ஆம் எண் போட்டால் சூடு குறையும்.

கால்களின் திருகைத் திருப்பிப் பலகையைச் சுமார் 3.5 டிகிரி சாய்வில் நிறுத்துங்கள். பழைய பந்தைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். துருப்பிடித்த பந்து மெழுகையும் பெயிண்டையும் சேர்த்தே அரிக்கும். 1 1/16 அங்குலப் புதுப் பந்து ஒன்று வாங்கிப் போட்டு ஆடத் தொடங்கலாம்.