ஸ்லோ குக்கரில் லெமன் சிக்கன்: விசிலுக்குப் பழகிய கை செய்யும் தவறுகள்

நான் முதல் தடவை செய்த லெமன் சிக்கன் கஷாயம் மாதிரி கசந்தது. வேளச்சேரி ஃபிளாட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெளிநாட்டுச் செய்முறையில் சொன்னபடியே எலுமிச்சம்பழத்தை வட்ட வட்டமாக நறுக்கி, கோழிக்கு மேலே அழகாக அடுக்கி மூடிவிட்டேன். ஸ்லோ குக்கர் என்பது பீங்கான் பாத்திரத்தில் மணிக்கணக்கில் மெதுவாக வேகவைக்கும் மின்சாரக் குக்கர். அதில் ஆறு மணி நேரம் 'லோ'வில், அதாவது குறைந்த சூட்டில் வெந்தது. மூடியைத் திறந்ததும் வந்த வாசனை பிரமாதம். வாயில் வைத்தால் வேப்பங்கொழுந்து. மாமியார் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "ரசம் இருக்காம்மா?" என்று கேட்டார். அதைவிட மரியாதையாக யாரும் குறை சொல்ல முடியாது.

தப்பு செய்முறையில் இல்லை, பழத்தில்தான். அவர்கள் 'லெமன்' என்று சொல்வது தடித்த மஞ்சள் தோலுள்ள பெரிய பழம். கோயம்பேட்டிலிருந்து நம் தெருக்கடைக்கு வரும் எலுமிச்சை வேறு ஜாதி. சின்னது, தோல் மெல்லியது, புளிப்பு தூக்கல். இதைத் தோலும் கொட்டையுமாக மணிக்கணக்கில் வேகவைத்தால் கசக்கத்தான் செய்யும். கொட்டையிலும் தோலுக்கு உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதியிலும் உள்ள ஒரு பொருள், புளிப்போடும் சூட்டோடும் சேர்ந்து நேரம் ஆக ஆக லிமோனின் என்ற கசப்பாக மாறுகிறது. பிழிந்து வைத்த ஜூஸ் கொஞ்ச நேரத்தில் கசந்து போவதும் இதனால்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தப் பாடம் நமக்கு ஏற்கெனவே தெரியும். எலுமிச்சை ரசத்தை இறக்கி வைத்த பிறகுதான் பழத்தைப் பிழிகிறோம். எலுமிச்சை சாதத்துக்கும் தாளிப்பு கொஞ்சம் ஆறினதும்தான் சாறு. அடுப்பில் கொதிக்கும்போது யாராவது பிழிந்தால் வீட்டில் பாட்டி சும்மா விடமாட்டார். புது மிஷின் வந்ததும் அது அத்தனையும் மறந்துபோய்விடுகிறது.

ஆகவே ஸ்லோ குக்கரிலும் அதே கதைதான். ஒரு கிலோ கோழிக்கு இரண்டு பழம் போதும். கொட்டையை வடிகட்டிவிட்டு, குக்கரை அணைத்த பிறகு சாறு சேருங்கள். எலுமிச்சை வாசனை குழம்புக்குள்ளேயே இறங்க வேண்டும் என்று ஆசையா? வேகப் போடும்போது ஒரு பழத்தின் மேல்தோலை மட்டும் லேசாகத் துருவிப் போடுங்கள். வெள்ளைப் பகுதி வரை துருவக் கூடாது. வைட்டமின் சி-க்காக எலுமிச்சை சேர்ப்பவர்களுக்கும் இதுதான் லாபம். அந்தச் சத்து சூட்டில் தாங்காது.

ஊறவைப்பதிலும் இதே அவசரம். முதல் நாள் இரவே எலுமிச்சைச் சாறு ஊற்றி ஃபிரிட்ஜில் வைப்பவர்கள் உண்டு. அந்தப் புளிப்பு இறைச்சியின் மேல்பகுதியை வேகாமலே வெந்தது போல ஆக்கிவிடும். பிறகு ஸ்லோ குக்கரில் போட்டால் பிட்டு மாதிரி உதிரும். உப்பு, மஞ்சள்தூள், இஞ்சி பூண்டு விழுது, மிளகுத்தூள் போட்டு அரை மணி நேரம் ஊறினால் தாராளம். சாறு கொஞ்சம் சேர்த்தே ஆக வேண்டும் என்றால் அலுமினியக் கிண்ணத்தில் மட்டும் ஊறவைக்காதீர்கள்.

அடுத்தது தண்ணீர். பிரஷர் குக்கருக்குப் பழகிய கை தண்ணீர் ஊற்றாமல் மூடியைத் தொடாது, என் கையும் அப்படித்தான். ஆனால் ஸ்லோ குக்கரில் ஆவி வெளியே போவதில்லை. மூடியில் முட்டி மறுபடி உள்ளேயே சொட்டும். கோழியும் வெங்காயமும் தாமாகவே தண்ணீர் விடும். ஒரு கிலோவுக்கு அரை டம்ளருக்கு மேல் வேண்டாம். தண்ணியாகிவிட்டால் கார்ன்ஃபிளவர் டப்பாவைத் தேடுவதற்கு முன்னால் அடியில் இருக்கும் இரண்டு உருளைக்கிழங்குத் துண்டை மசித்து விடுங்கள், குழம்பு சேர்ந்துகொள்ளும். உருளைக்கிழங்கு, கேரட் எல்லாம் அடியிலும் ஓரத்திலும் போட வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சூட்டில் கோழி சீக்கிரம் வெந்துவிடும். கிழங்குக்குத்தான் நேரம் பிடிக்கும்.

"எல்லாத்தையும் போட்டு மூடினா போதும்" என்ற விளம்பர வாக்கியத்தை நான் பாதிதான் நம்புகிறேன். இதில் எதுவும் வதங்காது, சிவக்காது. பச்சை வெங்காயத்தை அப்படியே போட்டால் நான்கு மணி நேரம் கழித்தும் பச்சை வாசனை அடிக்கும். ஒரே ஒரு ஸ்பூன் எண்ணெயில் வெங்காயத்தையும் இஞ்சி பூண்டு விழுதையும் ஐந்து நிமிடம் வதக்கிவிட்டுப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். பட்டை, கிராம்பு வழக்கத்தில் பாதி போதும்; நேரம் ஆக ஆக அவை ஏறிக்கொண்டே போகும். கொத்தமல்லி, புதினா கடைசியில். தயிர் அல்லது தேங்காய்ப்பால் சேர்ப்பதானால் அதுவும் கடைசியில்தான், இல்லையென்றால் திரிந்துவிடும்.

கோழிக்கடையில் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. ஞாயிறு காலை கூட்டத்தில் கடைக்காரர் "குழம்பு கட்டா, பிரியாணி கட்டா?" என்று கேட்கும்போதே கத்தி பாதி வேலையை முடித்திருக்கும். சின்னச் சின்னக் குழம்புத் துண்டுகள் ஸ்லோ குக்கருக்கு ஒத்துவராது. நார் நாராகப் பிரிந்து, எலும்புச் சில்லு குழம்பில் மிதக்கும். "அண்ணே, தோல் எடுத்துட்டு லெக் பீஸை முழுசா குடுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தோலோடு கொழுப்பில் பெரும்பகுதி போய்விடும், இந்தச் சமையலில் தோல் மொறுமொறுப்பாக வரப்போவதும் இல்லை. டயட்டில் இருக்கிறேன் என்று வெறும் ப்ரெஸ்ட் பீஸ் வாங்குகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். அதில் கொழுப்பும் குறைவு, ஜவ்வும் குறைவு. ஒரு மணி நேரம் கூடிப்போனால் மரத்தூள். அதைத்தான் சாப்பிடுவேன் என்றால் பெரிய துண்டாகப் போட்டு, இரண்டரை மணி நேரத்திலிருந்தே பார்க்க ஆரம்பியுங்கள்.

நேரக் கணக்கிலும் வெளிநாட்டுச் செய்முறையை அப்படியே நம்ப வேண்டாம். பிராய்லர் கோழி ஆறேழு வாரக் குஞ்சு. லெக் பீஸுக்கு 'லோ'வில் நான்கு முதல் ஐந்து மணி நேரம், 'ஹை'யில் இரண்டரை மணி நேரம் போதும். எட்டு மணி நேரம் போட்டுவிட்டு ஆபீஸ் போகலாம் என்பது நாட்டுக்கோழிக்கு வேண்டுமானால் சரி. அதன் ஜவ்வு கரைய அவ்வளவு நேரம் வேண்டியிருக்கும், ருசியும் அதில்தான் இருக்கிறது.

வேகும்போது மூடியைத் திறக்காமல் இருப்பதுதான் எங்கள் வீட்டில் பெரிய சோதனை. விசில் இல்லை, புஸ்ஸென்ற சத்தம் இல்லை. "என்னம்மா, இது வேகுதா இல்லையா?" என்று மாமியார் அரை மணிக்கொரு தடவை திறந்து பார்ப்பார். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் இருபது, முப்பது நிமிடச் சூடு வெளியே போய்விடும். கடைசியில் மூடி மேல் பால் கணக்கு நோட்டை வைத்தேன். நோட்டு நனைந்தது, மூடி தப்பித்தது.

இனி பாதுகாப்பு விஷயம். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

ஃபிரீசரிலிருந்து எடுத்த கோழியைக் கல்லாக அப்படியே போடவே கூடாது. ஸ்லோ குக்கர் மெதுவாகச் சூடேறும். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரைதான் கிருமிகள் பெருகும் சூடு. உறைந்த கறி அந்த இடைவெளியிலேயே மணிக்கணக்கில் கிடக்கும். முதல் நாளே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இறக்கி வைத்து உருகவிடுங்கள். ஆனால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சில்லென்ற பீங்கான் பாத்திரத்தை நேராகச் சூட்டில் வைக்காதீர்கள், விரிசல் விடும்.

டைமர் வைத்துப் பச்சைக் கறியைக் காலை முழுவதும் காத்திருக்க வைப்பதும் நம் ஊருக்கு ஆகாது. சாதாரண அறைச் சூட்டில் இரண்டு மணி நேரம் என்பது கணக்கு. 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரே மணி நேரம். சென்னையில் மே மாதச் சமையலறை எத்தனை டிகிரி என்று நான் சொல்லத் தேவையில்லை.

பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை மின்தடை என்று பேப்பரில் உங்கள் ஏரியா பெயர் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். திருகும் குமிழ் உள்ள மாடல், கரண்ட் வந்ததும் தானே தொடரும். பட்டன் உள்ள பல மாடல்கள் அணைந்தபடியே கிடக்கும், நீங்கள் ஆபீஸில் இருந்தால் தெரியாது. பாதி வெந்த கறி எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தது என்று தெரியாவிட்டால் கொட்டிவிடுங்கள். மனசு கேட்காதுதான். வெந்ததா என்பதற்குக் கணக்கு, தடிமனான துண்டின் நடுவில் 74 டிகிரி. சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்தால் இந்தச் சந்தேகமே வராது.

கோழியைக் குழாயடியில் பீய்ச்சிக் கழுவுவதை விடச் சொன்னால் பாதி வீட்டில் சண்டை வரும். தெறிக்கும் தண்ணீரோடு கிருமி சிங்க் முழுக்கப் பரவுகிறது, கொல்லும் வேலையை வேகும் சூடே செய்துவிடும். கழுவியே ஆக வேண்டும் என்றால் குழாயைத் திறந்துவிடாமல் ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் மெதுவாக அலசி, பிறகு சிங்கைச் சோப்பு போட்டுத் தேயுங்கள். எங்கள் வீட்டுச் சமாதான ஒப்பந்தம் இதுதான்.

'வார்ம்' பட்டன் வெந்ததைச் சூடாக வைத்திருக்க மட்டும். மிச்சத்தை அதில் போட்டுச் சூடுபடுத்தக் கூடாது. பீங்கான் பாத்திரம் சூட்டை விடாமல் பிடித்துக்கொள்வதால், மிச்சக் குழம்பை அதிலேயே ஆறவிடாமல் அகலமான பாத்திரத்துக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். மறுநாளுக்கு வேண்டியதை முதலிலேயே, சாறு பிழிவதற்கு முன்னால் தனியாக எடுத்துவிடுங்கள். மறுநாள் அடுப்பில் தளதளவென்று கொதிக்கவைத்து இறக்கியபின் அரைமூடி எலுமிச்சை பிழிந்தால், இடியாப்பத்துக்கு அன்று செய்தது போலவே இருக்கும்.