வீட்டிலேயே இருக்கும் வாரங்களில் இரவுச் சாப்பாட்டைத் திட்டமிடுவது எப்படி?

குடும்பம் மொத்தமும் நாள் முழுக்க வீட்டில் இருக்கும்போது, அடுப்படி வேலையைவிட "இன்று ராத்திரி என்ன?" என்ற கேள்விதான் அதிகம் களைப்பாக்குகிறது. புதுச் சமையல் குறிப்பு தேடித் தேடி இது தீராது. இருக்கும் பொருளை எந்த வரிசையில், எந்த விதத்தில் சமைப்பது என்று முன்பே முடிவு செய்துவிட்டால் தீரும். நான் செய்துவரும் முறை இதோ.

முதல் படி: இருப்பைப் பாருங்கள்

வாங்க வேண்டியதை எழுதும் முன் ஃபிரிட்ஜ், ஃப்ரீசர், அலமாரி மூன்றிலும் இருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். செயலி எதுவும் வேண்டாம். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளும் ஒரு பென்சிலும் போதும். வீட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், அடித்துத் திருத்தலாம்.

இரண்டாம் படி: சீக்கிரம் வாடுவது முதலில்

கீரையும் காளானும் முதல் இரண்டு நாளில் தீரட்டும். அப்புறம் பீன்ஸ், காலிஃப்ளவர், தக்காளி. கேரட், முட்டைக்கோஸ், பூசணி, உருளைக்கிழங்கு வாரக் கடைசி வரை தாங்கும். உருளையையும் வெங்காயத்தையும் ஒரே கூடையில் போடாதீர்கள், உருளை சீக்கிரம் முளைவிடும். பச்சை மீன், கோழி ஓரிரு நாளில் சமைக்கப்போவதில்லை என்றால் வாங்கிய அன்றே ஃப்ரீசருக்கு.

மூன்றாம் படி: நாளுக்கு ஒரு விதம்

தாளில் உணவின் பெயரை எழுதாமல் சமைக்கும் விதத்தை மட்டும் எழுதுங்கள். ஒரு நாள் சூப், ஒரு நாள் வதக்கல், ஒரு நாள் எல்லாம் ஒரே பாத்திரத்தில், ஒரு நாள் முட்டை, ஒரு நாள் மிச்சத்தைத் தீர்ப்பது. அதே முட்டைக்கோஸ் சூப்பில் ஒரு சுவை, அதிக தீயில் வதக்கினால் வேறு சுவை. ஒரு நாளைக் காலியாக விடுங்கள், ஏதாவது தள்ளிப்போனால் அங்கே நகர்த்தலாம்.

நான்காம் படி: ஒரு முறை வேகவைத்து இரண்டு முறை சமைப்பது

சிக்கல் வருவது இங்கேதான், கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மசாலா போட்டு முடித்த உணவை மறுநாள் என்ன செய்தாலும் நேற்றைய ருசிதான் வரும். அதனால் மசாலா சேரும் முன்பே பாதியை எடுத்துவைக்க வேண்டும். கொண்டைக்கடலையை 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, உப்பு மட்டும் போட்டு வேகவையுங்கள். பாதி இன்றைய குழம்புக்கு. மீதியை இரண்டு நாள் கழித்து மசித்துத் தட்டி வறுக்கலாம், இல்லையென்றால் எலுமிச்சை பிழிந்து சாலட் செய்யலாம்.

எடுத்துவைப்பதிலும் கவனம் வேண்டும். பெரிய பாத்திரத்தோடு ஃபிரிட்ஜில் வைத்தால் நடுவில் சூடு வெகுநேரம் தங்கி, கெட்டுப்போக வழியாகும். ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து, சமைத்த 2 மணி நேரத்துக்குள் உள்ளே வையுங்கள். ஃபிரிட்ஜ் 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழ் இருந்தால் 3, 4 நாள் தாங்கும். கண்ணாடி டப்பாதான் என் தேர்வு: உள்ளே இருப்பது தெரியும், மறந்துபோகாது. மூடியில் தேதி எழுதி ஒட்டுங்கள்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

சோற்றையும் இப்படி வைக்கலாமா? வைக்கலாம், ஆனால் சீக்கிரம் ஆறவைத்து மறுநாளே தீர்த்துவிடுங்கள். சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் பிழைக்கும். சோறு வெளியிலேயே கிடந்தால் அவை பெருகி உண்டாக்கும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது.

சிவப்பு ராஜ்மாவைக் கடலை போலவே செய்யலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிடுங்கள், அப்புறம் மெத்தென்று வேகும்வரை வையுங்கள். அதில் இயல்பாகவே உள்ள நச்சு நன்றாகக் கொதித்தால்தான் அழியும். மெதுவாக வேகவைக்கும் ஸ்லோ குக்கரில் பச்சையாக நேரே போடவே கூடாது.