மோடத்தில் வரும் தமிழ் எஸ்எம்எஸ்ஸை யூனிகோடுக்கு மாற்றுவது எப்படி?

குலசேகரத்தில் ரப்பர் வியாபாரம் செய்யும் சித்தப்பாவுக்காக, ரப்பர் ஷீட் விலையை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பி, வரும் பதிலையும் படிக்கும் புரோகிராம் ஒன்றை எழுதினேன். சிம் போடும் ஜிஎஸ்எம் மோடமும் பைதான் நிரல்மொழியும் போதும். மோடம் கணினியின் எந்தப் போர்ட்டில் இருக்கிறது எனக் கண்டுபிடிப்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நேரே விஷயத்துக்கு வருவோம்.

எஸ்எம்எஸ்ஸின் இயல்பான 7 பிட் எழுத்துத் தொகுப்பில் 160 எழுத்து அடங்கும், தமிழ் கிடையாது. தமிழ் வந்தால் செய்தி, எழுத்துக்கு இரண்டு பைட் எடுக்கும் யூனிகோடு வடிவமான யூசிஎஸ்-2வுக்கு மாறும், அளவு 70 ஆகிவிடும். புள்ளிக்கும் தனிக் கணக்கு: 'வணக்கம்' என்பதே 7.

படி 1: மோடத்துக்கு ஏடி+சிஎம்ஜிஎஃப்=1 (செய்தியை உரையாகக் காட்ட), அடுத்து ஏடி+சிஎஸ்சிஎஸ்="யூசிஎஸ்2" (எழுத்துத் தொகுப்பைத் தேர்ந்தெடுக்க) என்ற கட்டளைகளைக் கொடுங்கள். இரண்டாவதை விட்டால் பல மோடங்களில் ஆங்கிலப் பதில் அப்படியே வரும், தமிழ்ப் பதில் மட்டும் ஹெக்ஸில் (16 அடிமான எண்களில்) வரும். 'ஹெக்ஸ் மாதிரி இருந்தால் மாற்று' என்று எழுதிவிடலாமே எனத் தோன்றும். வியாபாரி ஒருவர் கையிருப்பை வெறும் '1850' என்று அனுப்பினால்? அதுவும் ஹெக்ஸ் மாதிரிதான் இருக்கும். மாற்றினால் கிடைப்பது ஒரு மங்கோலிய எழுத்து! யூசிஎஸ்2 வைத்தால் அதே பதில் 0031003800350030 என வரும். எல்லாமே ஹெக்ஸ், ஊகிக்க வேண்டியதில்லை. அனுப்பியவரின் எண்ணையும் இப்படியே மாற்ற வேண்டியிருக்கும்.

படி 2: ஹெக்ஸை பைட்டாக்கி 'யூடிஎஃப்-16-பிஇ' என்று டீகோட் செய்யுங்கள். அந்த 'பிஇ'யில்தான் சூட்சுமம்: இரண்டு பைட்டில் பெரியது முதலில் வரும் என்று பொருள். 'க'வின் குறியெண் 0பி95. பிஇ இல்லாவிட்டால் நம் கணினிகள் அதைத் திருப்பி 950பி என்று படிக்கும். அது சீன எழுத்து. திரையில் சீனமும் கொரியமும் கலந்து வந்தால் மோடத்தைத் திட்டாதீர்கள். களியக்காவிளைக்கு அந்தப்புறமிருந்து வரும் மலையாளப் பதிலுக்கும் இதே வழிதான்.

படி 3: அனுப்பும்போது தலைகீழ். செய்தி யூசிஎஸ்-2 என்று மோடத்துக்குச் சொல்ல ஏடி+சிஎஸ்எம்பி=17,167,0,8 என்று வையுங்கள்; பெறுநர் எண்ணையும் ஹெக்ஸாக்குங்கள். ஆங்கிலத்தில் விலை அனுப்புவோர் ₹ குறியைத் தொடவே வேண்டாம். 7 பிட்டில் அது இல்லை. அந்த ஒரு குறிக்காக 160 போய் 70 ஆகும்.

இதையெல்லாம், கைபேசிகளையும் மோடங்களையும் கையாளும் 'கம்மு' மென்பொருளே செய்யும். ஆனாலும் ஒருமுறை கையால் செய்து பாருங்கள்; பிறகு எது உடைந்தாலும் எங்கே பார்ப்பது என்று தெரியும்.

பின்சேர்க்கை: நீளமான பதிலில் இரண்டாம் துண்டு புள்ளிகளாலான வட்டத்தோடு (◌) தொடங்குகிறதே என்று அருமனையிலிருந்து ஒருவர் கேட்டார். 70ஐத் தாண்டும் செய்தி துண்டுகளாகப் பிரிந்து வரும், துண்டுக்கு 67தான் இடம். 'கொ' நடுவே வெட்டுப்பட்டிருக்கும். பிடியூ முறையில் (செய்தியை மூல பைட்டுகளாகவே பெறும் முறை) படிப்பவர்கள் துண்டின் தொடக்கத்திலுள்ள 6 பைட் தலைப்பை நீக்கி, வரிசைப்படி ஒட்டியபின் டீகோட் செய்யுங்கள்.