டச்சு செப்புக்காசில் ஆண்டைப் படிக்க டார்ச் போதும்

வி.ஓ.சி. (டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி) முத்திரையுள்ள பழைய டச்சு செப்புக்காசு கையில் இருந்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். இருட்டறையில் வைத்து, போன் டார்ச்சைக் காசின் ஓரத்தில் ஏறக்குறைய படுக்கவைத்து அடியுங்கள். காசை மெல்லச் சுழற்றுங்கள். பெரிய வி எழுத்தும், அதன் இரு கால்களில் கோத்த ஓ, சி எழுத்துகளும், கீழே ஆண்டும் தெரிய ஆரம்பிக்கும்.

நேராக விழும் ஒளி தேய்ந்த மேடுகளை மறைத்துவிடும். சாய்ந்து வரும் ஒளியில் முடியளவு மேட்டுக்கும் நிழல் விழும். புளியோ, காசின் மேல் படிந்த பழுப்புப் படலத்தோடு மிச்சமிருக்கும் எழுத்தையும் அரித்துவிடும். சேகரிப்பாளர்களும் பளபளக்கும் காசுக்கு விலையைக் குறைத்துத்தான் கேட்பார்கள்.

அப்புறம் மறுபக்கத்தையும் பாருங்கள். அலையிலிருந்து எழும் சிங்கம் என்றால் நெதர்லாந்தின் சீலாந்து மாகாணத்துக் காசு.

முழுக்க மழுங்கிய காசுக்கு இது உதவாது. 1790 என்று தெரிந்தாலும் உடனே நம்பிவிட வேண்டாம். அதே ஆண்டைப் பொறித்து 1840-களிலும் அச்சடித்திருக்கிறார்கள். உதிரும் பச்சைத்தூள் படிந்திருந்தால் மற்ற காசுகளிலிருந்து தனியே எடுத்து, ஈரம் படாமல் வையுங்கள்.